சிக்னலில் நின்றால் சூடு, பைபாஸில் போனால் ஜில்: கம்ப்ரஸர் மாத்தணுமா?

நாலுசக்கரம்:
2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். பைபாஸ்ல 80ல போனா ஏசி ஜில்லுனு இருக்கு. சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னா வென்ட்ல வர்ற காத்து வெதுவெதுன்னு ஆயிடுது, வண்டி நகர்ந்தா மறுபடி கூலிங். இந்தக் கோடையில ரெண்டு தடவை கேஸ் ஏத்தியாச்சு. அதுக்கப்புறம் இன்னும் மோசம். கம்ப்ரஸர் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. முன்னாடி ஃபேன் சுத்துது. கேபின் ஃபில்டர் புதுசு. கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் செட் இரவல் கிடைக்கும். எதை முதல்ல பார்க்கணும்?

குளிர்க்காத்து:
கம்ப்ரஸருக்குப் பணம் எடுத்து வைக்காதீங்க, இன்னும் அந்த இடத்துக்கே வரலை. காசில்லாத சோதனை ஒண்ணு இருக்கு. நிழல்ல வண்டியை நிறுத்தி ஏசி போட்டு, நியூட்ரல்ல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு 2000 ஆர்பிஎம்ல ரெண்டு நிமிஷம் வைங்க. நின்ன இடத்துலயே கூலிங் கூடினா கம்ப்ரஸர் தேய்மானம்னு சந்தேகப்படலாம். கூடாம இன்னும் சூடானா, கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற, ஏசி கேஸோட சூட்டைக் காத்துல விடுற வலை) வெப்பத்தை வெளியே தள்ள முடியாம திணறுதுன்னு அர்த்தம். பைபாஸ்ல எதிர்க்காத்து அந்த வேலையைச் செஞ்சுடுது, சிக்னல்ல ஃபேனைத்தான் நம்பணும்.

"ஃபேன் சுத்துது" என்பது பாதி விஷயம்தான். வேகமும் திசையும் தெரியணும். கண்டென்சருக்கு முன்னாடி ஒரு நியூஸ்பேப்பர் தாளைப் பிடிங்க. ஃபேன் ஓடும்போது தாள் கிரில்லோட ஒட்டிக்கணும். வெளியே தள்ளிச்சுன்னா, மோட்டார் மாத்தினப்ப ஒயரைத் தலைகீழா கொடுத்திருக்காங்க. ஒட்டாம தொங்கினா வேகம் பத்தலை. ஏசி ஓடும்போது மோட்டார் சாக்கெட்லயே வோல்ட் பாருங்க. முழு வேகத்துல 13க்கு மேல வரணும். 11க்குக் கீழன்னா ரிலே (ஃபேனுக்குக் கரன்ட் விடுற சுவிட்ச்) காண்டாக்ட், எர்த் போல்ட் (மைனஸ் ஒயரை பாடியோட இணைக்கிறது), வேகம் குறைக்கிற ரெசிஸ்டர் இந்த மூணுல ஒண்ணு. வோல்ட் சரியா இருந்தும் மெதுவா சுத்தினா மோட்டார் பிரஷ் தேஞ்சிருக்கும்.

கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல எட்டிப் பாருங்க. முன்பக்கம் பளபளன்னு இருக்கும், நடுவுல கம்பளி மாதிரி தூசி அடைச்சிருக்கும். சாதாரண ஹோஸ் தண்ணியில, முடிஞ்ச வரை பின்பக்கமிருந்து முன்னாடி தள்ளிக் கழுவணும். வாட்டர் வாஷ் துப்பாக்கி வேண்டாம், வலையில இருக்கிற மெல்லிசுத் தகடு (ஃபின்) மடங்கிடும்.

பழைய லிவர்:
ஹீட்டர் சூட்டை அடைக்கிற மூடியான ஹீட்டர் ஃபிளாப்பையும் விட்டுடாதீங்க. லிவரை முழு கூல்ல வச்சும் ஃபிளாப் மூடாம இருந்தா, ஹீட்டர் கோர் (என்ஜின் சூட்டுத் தண்ணி ஓடுற சின்ன ரேடியேட்டர்) சூடு கலந்துடும். ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) பக்கம் ஹீட்டருக்குப் போற ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு அஞ்சு நிமிஷம் நெருக்கிப் பாருங்க. வென்ட் வெப்பம் 4, 5 டிகிரி இறங்கினா ஃபிளாப் கேபிளைச் சரி பண்ணணும்.

குளிர்க்காத்து:
சோதனை சரி, அண்ணா. ஆனா ஃபிளாப் கோளாறுன்னா பைபாஸ்லயும் ஜில் வராது. இவர் விஷயத்துல அது ரெண்டாவதுதான்.

நாலுசக்கரம்:
2000 ஆர்பிஎம்ல இன்னும் சூடாச்சு. தாள் பாதிதான் ஒட்டுது. மோட்டார்ல 10.6 வோல்ட். காலையில என்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, வெளி வெப்பம் 27ல, கேஜ் ரெண்டும் 89 பி.எஸ்.ஐ. மதியம் ஐடில்ல (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம) லோ (கம்ப்ரஸருக்குள்ள போற பக்கம்) 58, ஹை (வெளியே வர்ற பக்கம்) 310, ஏறிட்டே போகுது.

அளவுகோல்:
ஓடாத வண்டியில எடுத்த அந்த 89தான் இதுல நல்ல செய்தி. உங்க மாதிரி வண்டி ஏசியில இருக்கிற ஆர் 134ஏ கேஸுக்கு 27 டிகிரியில சுமார் 88 பி.எஸ்.ஐ வரணும். காத்து கலந்திருந்தா இது கூடித் தெரியும். உங்களுக்குக் காத்து கலந்த மாதிரி தெரியலை. ஆனா கேஸ் எவ்வளவு இருக்குன்னு அந்த 89 சொல்லாது. உள்ளே ஒரு கரண்டி திரவம் இருந்தாலும் அரைக் கிலோ இருந்தாலும் ஒரே அழுத்தம்தான். அதைப் பார்த்து கேஸ் ஏத்தினா அளவுக்கு மேல போயிடும்.

ஐடில்ல 33, 35 டிகிரி வெயிலுக்கு லோ 30லிருந்து 45, ஹை 200லிருந்து 250 வரை எதிர்பார்க்கலாம். உங்களுக்கு ரெண்டும் ஏறி நிக்குது. கம்ப்ரஸர் செத்திருந்தா லோ ஏறும், ஹை இறங்கும். அதனால அந்தப் பேச்சை விட்டுடலாம். கண்டென்சர் மேல ஒரு மக் தண்ணி ஊத்தி கேஜைப் பாருங்க. ஹை முள்ளு சட்டுனு 60, 70 இறங்கி, தண்ணி காய்ஞ்சதும் திரும்ப ஏறினா, கண்டென்சர் சூட்டைத் தள்ள முடியலைங்கிறதுதான் முடிவு. ஃபேன் எர்த் போல்ட்டைக் கழட்டி, துரு போக உப்புத்தாள் போட்டு மாட்டிட்டு மறுபடி அளந்து சொல்லுங்க. ஹை சைடு வால்வை மட்டும் என்ஜின் ஓடும்போது திறக்காதீங்க; கேன் மாட்டியிருந்தா வெடிக்கும்.

நாலுசக்கரம்:
தண்ணி ஊத்தினதும் 310ல இருந்து 240. எர்த் சுத்தம் பண்ணி இப்ப 13.3 வோல்ட், தாள் சப்புனு ஒட்டுது. ஆனா ஐடில்ல ஹை இன்னும் 275. பானெட் ஸ்டிக்கர்ல கேஸ் அளவு 400 கிராம்னு இருக்கு.

அளவுகோல்:
மிச்சம் ஓவர்சார்ஜ். கூடுதல் கேஸ் திரவமாகி கண்டென்சரோட கீழ் வரிசைகளை அடைச்சுக்கும். வெப்பம் தள்ள வேண்டிய இடம் அந்த அளவுக்குக் குறைஞ்சுபோகும். "கொஞ்சம் விட்டுப் பார்க்கலாம்"னு வால்வைத் திறந்து காத்துல விட வேண்டாம். ரெகவரி மெஷின் (ஏசி கேஸை உறிஞ்சிச் சேமிக்கிறது) இருக்கிற இடத்துல முழுசா இழுத்து, எடையைக் கேட்டு வாங்குங்க. 450க்கு மேல வந்தா ஆச்சரியமில்லை. அப்புறம் 30, 45 நிமிஷம் வேக்கம் (பம்ப் வச்சு உள்ளே இருக்கிற காத்தை இழுக்கிறது), பம்ப்பை நிறுத்தி 15 நிமிஷம் முள்ளு அசையாம நிக்கணும். அசைஞ்சா லீக். அதுவும் பார்க்கணும், ஏன்னா முதல் தடவை கேஸ் நிஜமாவே குறைஞ்சு ஏத்தியிருக்கலாம். கண்டென்சர் பைப் மூட்டுல எண்ணெய்ப் பிசுக்கோட தூசி ஒட்டியிருக்கா, சர்வீஸ் வால்வு மூடியைக் கழட்டி சோப்புத் தண்ணி விட்டா குமிழ் வருதான்னு பாருங்க. மூட்டுல லீக்னா ஏசிக்கான ஓ-ரிங் (மூட்டை அடைக்கிற ரப்பர் வளையம்) வாங்கி எண்ணெய் தடவி மாட்டணும்.

புதுசா கேஸ் ஏத்துறதை தராசு வச்சு 400 கிராம் செய்யணும், கேன் நேராக நிக்க லோ சைடு வழியா வாயுவா. ரெகவரியில எவ்வளவு ஆயில் வந்துச்சோ அதே அளவு புதுசு போடச் சொல்லுங்க. எந்த ஆயில்னு கம்ப்ரஸர் லேபிள்ல இருக்கும். கண்டென்சரையே மாத்தினா மட்டும் கூடவே 30 மி.லி. அளவுக்கு ஆயில் சேர்க்கணும்.