மேடைக்குக் குறைந்த விலையில் தின் பாடி செமி அகூஸ்டிக்: வாசித்தவர்கள் சொல்லுங்கள்

பாளை ரிதம்:

நெல்லைப் பக்கம் கோயில் கொடை, கல்யாண வரவேற்பு என்று போகிற மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். கையில் இருப்பது பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி) பொருத்திய டிரெட்நாட், அதாவது பெரிய பெட்டி கிட்டார். வீட்டில் அருமையாகக் கேட்கும். மேடையில் மானிட்டரை (வாசிக்கிறவர்களுக்குக் கேட்க வைக்கிற ஸ்பீக்கர்) கொஞ்சம் ஏற்றினால் போதும், ஜி கார்டு பிடிக்கிற நேரமெல்லாம் உறுமல் கிளம்புகிறது, பாடுகிறவர் திரும்பிப் பார்க்கிறார். 25,000 ரூபாய்க்குள் தின் பாடி, அதாவது பெட்டி மெலிந்த பிக்கப் கிட்டார் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் கடையில் எதை எடுத்து மீட்டினாலும் சத்தம் கம்மியாகத்தான் தெரிகிறது. வீடியோ விமர்சனங்கள் பார்த்துச் சலித்துவிட்டது. மேடையில் வைத்து வாசித்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

கேப்போ:

தம்பி, ஜி கார்டில்தான் உறுமுகிறது என்றீர்களே, அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். டிரெட்நாட் பெட்டிக்குள் இருக்கும் காற்று இயல்பாக அதிர்வதும் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் பக்கம்தான். மானிட்டரிலிருந்து வரும் ஜி பெட்டியை அதிர வைக்கும், பெட்டி மேல்பலகையை அதிர வைக்கும், பிக்கப் அதையே திரும்பவும் மானிட்டருக்கு அனுப்பும். அப்படியே ஏறிக்கொண்டே போகும். பெட்டி மெலிந்தால் உள்ளே காற்று குறைவு, அந்த அதிர்வு கொஞ்சம் மேலே நகர்ந்து வலுவும் இழக்கும். இந்த ஊளை (ஃபீட்பேக்) அறவே நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மானிட்டரை இன்னும் சற்று ஏற்ற இடம் கிடைக்கும், அவ்வளவுதான். மேடையில் நமக்கு வேண்டியதும் அதுதான்.

நான் வாசிப்பது யமஹா ஏ.பி.எக்ஸ். 600. இந்த வரிசையை அவர்கள் 1987-லிருந்தே மேடைக்கென்று போடுகிறார்கள். உடலின் ஆழம் 80 முதல் 90 மில்லிமீட்டர். நம்மில் பாதிப் பேர் கற்றுக்கொண்ட யமஹா டிரெட்நாட் எஃப் 310 இருக்கிறதே, அது 96-இல் தொடங்கி 116 வரை போகும். இடுப்பில் மாட்டி நின்றால் வித்தியாசம் உடனே தெரியும்.

கடையில் எடுத்துக் கொடுத்தபோது எனக்கும் வத்தலாகத்தான் கேட்டது. பக்கத்தில் ஒரு பையன் டிரெட்நாட்டை வாசித்துக்கொண்டிருந்தான், அதற்கு முன் இது ஒன்றுமே இல்லை. கிட்டார் ஆம்ப் வேண்டாம், பாடகருக்கு வைக்கிற பவர்டு ஸ்பீக்கரில் சொருகிக் காட்டுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் செய்தார். கம்பிகளைக் கையால் அமுக்கிக்கொண்டு ஸ்பீக்கருக்கு நேராக நின்று, ஊளை வரும்வரை வால்யூமை ஏற்றச் சொன்னேன். அப்புறம் அதே இடத்தில் டிரெட்நாட்டை மாட்டி நின்று பார்த்தோம். அது வெகு முன்னாலேயே கத்திவிட்டது. கடைக்காரரே இன்னொரு தடவை செய்து பார்த்தார்! வாங்குவதற்கு முன் நீங்களும் இதைச் செய்யுங்கள். சும்மா மீட்டிப் பார்த்து மேடைக் கிட்டாரை எடை போட முடியாது. கூட்டத்துக்குக் கேட்கப் போவது பெட்டியின் சத்தம் இல்லை, பிக்கப்பின் சத்தம்.

இன்னொன்று. 600-இன் மேல்பலகை லேமினேட், அதாவது ஒட்டுப்பலகை. இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. சாலிட் டாப் (ஒட்டாத முழு மரப் பலகை) வேண்டுமென்றால் 700-க்குப் போக வேண்டும், விலையும் ஏறும். என் கணக்கில் கொடை மேடைக்கு லேமினேட்தான் நல்லது. குறைவாக அதிரும், அதனால் ஊளையும் குறையும். சித்திரை வெயிலில் வேனுக்குள் கிடந்தாலும், விடியற்காலைப் பனியில் நின்றாலும் சாலிட் பலகை அளவுக்குச் சீக்கிரம் வளையாது, வெடிக்காது. சாலிட் டாப்பின் இனிமை வீட்டு அறையில் தெரியும், டிரம்ஸும் பேடும் பிளக்கிற இடத்தில் யாருக்குத் தெரியப் போகிறது?

குறையும் சொல்லிவிடுகிறேன். வேகமாக ஸ்ட்ரம் செய்தால் பியசோ (அழுத்தத்தை மின் சிக்னலாக்கும்) பிக்கப்புக்கே உரிய ஒரு வறட்டுச் சத்தம் வரும். மிட்-ஐ (நடுத்தரச் சத்தம்) குறைத்தால் பாதி அடங்கும்.

ஆல்டோ அக்கா:

நான் சென்னையில் ஆலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். எனக்குத் தோள்வலிதான் பிரச்சினை. உயரம் குறைவு, டிரெட்நாட்டின் விளிம்பு வலது முன்கையை அறுக்கும், ஆராதனை முடிவதற்குள் கை மரத்துவிடும். அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் உட்பட சில கடைகளில் உட்கார்ந்து பார்த்தேன். ஐபனேஸ் ஏ.இ.ஜி., கோர்ட் எஸ்.எஃப்.எக்ஸ்., யமஹா எல்லாமே கைக்கு வசதிதான். யமஹாவில் கம்பி நீளம் 634 மில்லிமீட்டர். வழக்கமாக 650 பக்கம் வரும். எஃப் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்குவது) பிடிக்கிற சின்னக் கைக்கு இந்த வித்தியாசம் பெரிது. கடைசியில் கோர்ட் எடுத்தேன், கழுத்து எனக்கு அதில்தான் இதமாக இருந்தது. விலையும் குறைவு.

ஆனால் ஒரு விஷயத்தில் கேப்போ அண்ணனோடு ஒத்துப்போக முடியவில்லை. பெட்டிச் சத்தம் வேண்டாம் என்பது மேடைக்குச் சரி. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது என்ன செய்வது? வீடு வீடாக, நடுராத்திரியில், ஸ்பீக்கர் இல்லாமல். இருபது பேர் கைதட்டிப் பாடும்போது தின் பாடி கிட்டார் எனக்கே கேட்கவில்லை. ஆகவே பழைய டிரெட்நாட்டை விற்கவில்லை. அதற்கு இப்போது வருஷத்தில் ஒரு மாதம்தான் வேலை.

கேப்போ:

அக்கா சொல்வது நியாயம். கேரலுக்கு இது ஆகாது.

மிக்சர் கை:

நான் வாசிக்கிறவன் இல்லை, மைக்செட் போடுகிறவன். உங்களில் பாதிப் பேர் கிட்டார் மேல் போடுகிற பழி உண்மையில் கேபிள் மேல் போட வேண்டியது. ஒரு வரவேற்பில் கிட்டார்காரர் புது தின் பாடியோடு வந்தார். சாதாரண மோனோ கேபிளை நீளமாக இழுத்து நேராக மிக்சரில் சொருகச் சொன்னார். மண்டபத்தில் எர்த் சரியில்லை, கூடவே சீரியல் லைட் செட். ஹம் தாங்க முடியவில்லை. டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) ஒன்றை அவர் காலடியில் வைத்து, கிட்டாரிலிருந்து அதுவரை சின்னக் கேபிள், அங்கிருந்து மைக் கேபிள் வழியாக மிக்சர் என்று மாற்றினேன். பாக்ஸில் இருக்கிற, கேபிளின் எர்த் இணைப்பைப் பிரிக்கும் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைத் தட்டியதும் ஹம் போயே போச்சு. 25,000 பட்ஜெட் என்றால் அதில் டி.ஐ. பாக்ஸுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். எல்லா சவுண்டு சர்வீஸிலும் அது இருக்கும் என்று நம்பி வராதீர்கள்.

தின் பாடியில் பேஸ் குறைவாகத் தெரிகிறது என்று ப்ரீஆம்பில் (கிட்டாரிலேயே இருக்கும், பேட்டரியில் ஓடும் வால்யூம், டோன் பகுதி) பேஸை முழுசாக ஏற்றிவிட்டு வருகிறார்கள். ஊளை திரும்பவும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். குழுவில் பேஸ் கிட்டாரும் தவிலும் இருக்கும்போது உங்கள் கிட்டாரிலிருந்து அந்தக் கீழ்ச்சத்தம் வரவே வேண்டாம். நான் கீழே 100 ஹெர்ட்ஸ் வரை வெட்டிவிடுவேன், யாரும் கவனித்ததில்லை. உங்கள் பழைய டிரெட்நாட்டுக்கும் முதலில் இதையே செய்து பாருங்கள். சவுண்டு ஹோலை மூடுகிற ரப்பர் மூடியும் உதவும். ஆனால் ஏ.பி.எக்ஸ். வாங்கினால் அதில் ஓட்டை நீள்வட்டம், கடையில் கிடைக்கிற வட்ட மூடி பொருந்தாது.

பேட்டரி பற்றி யாரும் சொல்லவில்லையே. சவுண்டு செக் முடிந்து பந்திக்குப் போகும்போது ஜாக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஜாக் சொருகியிருக்கும் வரை ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதற்குத் தனி சுவிட்ச் பெரும்பாலும் கிடையாது. பாயசம் குடித்துவிட்டு வந்து பார்த்தால் சத்தம் கரகர என்று வரும்.

பழைய கம்பி:

வயசாளி ஒருவனின் பங்கு. எங்கள் காலத்தில் மேடைக்கு என்றால் ஒவேஷன்தான் கனவு. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் கம்பெனி நடத்திய சார்லஸ் கேமன் 1960-களில் தொடங்கியது. முதுகு மரம் இல்லை, உருண்டையான ஃபைபர். சேடிலுக்கு (பெட்டியின் மேல் கம்பிகள் ஏறி உட்காரும் சின்னப் பட்டை) அடியில் பிக்கப் வைத்து மேடைக் கிட்டாரைப் பரவலாக்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மெல்லிய கிண்ண முதுகு வைத்த ஒவேஷன் செலிபிரிட்டி மாடல் ஒன்றைப் பழசில் வாங்கிப் பல வருஷம் வாசித்தேன். நின்று வாசித்தால் சுகம். உட்கார்ந்தால் மடியில் நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் இப்போது யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

தம்பி பழசு தேடுவதாக இருந்தால் சேடிலைக் கவனியுங்கள். ஆக்‌ஷனைக் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை) குறைக்கிறேன் என்று அதன் அடியைக் கோணலாகத் தேய்த்துவைத்திருப்பார்கள். பியசோ மேல் அது சமமாக உட்காராது. வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, ஸ்பீக்கரில் போட்டு ஆறு கம்பியையும் ஒரே அழுத்தத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினால் ஒரு கம்பி மட்டும் அமுங்கிக் கேட்கும். பேட்டரி பெட்டியையும் திறந்து பாருங்கள். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கிட்டார் என்றால் உப்புக்காற்றில் முனைகள் பச்சை பிடித்திருக்கும்.

பாளை ரிதம்:

எல்லோருக்கும் நன்றி. மிக்சர் கை அண்ணன் சொன்னபடி இந்த வாரக் கொடையில் பழையதிலேயே கீழே வெட்டிப் பார்த்தோம். உறுமல் பாதிக்கு மேல் குறைந்தது, முழுசாகப் போகவில்லை, தின் பாடி வாங்குவது உறுதி. ஒரே சந்தேகம்: 12 கேஜ் (தடிமன்) கம்பியா, அதைவிட மெல்லிய 11-ஆ?

கேப்போ:

11 போடுங்கள். ரிதம் வாசித்து மூன்று மணி நேரம் கை தாங்க வேண்டும். சத்தத்தை மிக்சர் பார்த்துக்கொள்ளும். வாங்கிய அன்றே ஸ்ட்ராப் பொத்தானுக்கு ரப்பர் வாஷரும் மாட்டிவிடுங்கள். பல கிட்டார்களில் அடிப்பொத்தானே ஜாக்காகவும் இருக்கும், அது தடிமனாக இருப்பதால் ஸ்ட்ராப் அரைகுறையாகத்தான் நிற்கும், குதித்து ஆடுகிற பாட்டில் கழன்றுவிடும்.