மிதக்காத காந்தம்: ஒய்பிசிஓ பெல்லட்டோடு உங்கள் அனுபவம்?

உலைக்காரன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட், வைவாவுக்கு இரண்டே நாள். ஒய்பிசிஓ என்றால் யிட்ரியம்-பேரியம்-காப்பர் ஆக்சைடு, ஒரு மீகடத்தி: நன்றாகக் குளிர்ந்தால் மின்தடை மறையும், மேலே விட்ட காந்தம் மிதக்கும். அதன் தூளை அழுத்திச் செய்த வில்லையை, அதாவது பெல்லட்டை, 930 டிகிரியில் சுட்டு முடித்து, உலை 800-இல் இருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுத்துவிட்டேன். கன்னங்கரேலென்று, கெட்டியாக, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. தெர்மாகோல் கப்பில் திரவ நைட்ரஜனை ஊற்றி, கொதிப்பு அடங்கியதும் குட்டிக் காந்தத்தை மேலே விட்டேன். ‘டிக்’ என்று உட்கார்ந்துவிட்டது. வகுப்பே சுற்றி நின்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தச் சூட்டில் படிகத்துக்குள் இருக்கும் காப்பர்-ஆக்சிஜன் சங்கிலியிலிருந்து ஆக்சிஜன் கழன்றுவிடுகிறது. ஒரு யிட்ரியம் அணுவுக்கு 7-ஐ ஒட்டி இருக்க வேண்டிய ஆக்சிஜன் அணுக்கள் 6.4-க்குக் கீழே போனால் மீகடத்தலே இல்லை. பிறகு அதே பெல்லட்டை ஆக்சிஜன் ஓட்டத்தில் 450 டிகிரியில் இரவு முழுக்க வைத்து மெல்ல ஆறவிட்டேன். மிதந்தது. அதற்குள் வைவா முடிந்திருந்தது.

நான்குமுனை:
ஆக்சிஜன் ஏறினால் போதும் என்று நினைத்து நானும் ஏமாந்தேன். என் பெல்லட்டில் 90 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 183 டிகிரி) பக்கத்தில் மின்தடை சுத்தமாகப் பூஜ்யம். சந்தோஷத்தில் கரண்டைக் கூட்டினேன். சில ஆம்பியரிலேயே மீட்டரில் வோல்டேஜ் எழும்பிவிட்டது, அதாவது மின்தடை திரும்பிவிட்டது. பெல்லட்டில் பரல்கள், அதாவது குட்டிப் படிகங்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கிடக்கும். இரண்டு பரலுக்கு நடுவே கோணம் 10 டிகிரியைத் தாண்டினாலே எல்லையைக் கடக்கும் கரண்ட் பயங்கரமாக விழும் என்று ஐபிஎம் ஆட்கள் 1988-லேயே காட்டிவிட்டார்கள். ஒரே திசையில் வளர்த்த மெல்லிய படலம் 77 கெல்வினில் (திரவ நைட்ரஜனின் வெப்பநிலை) சதுர செ.மீ.க்குப் பத்து லட்சம் ஆம்பியர் தாங்கும். சுட்ட பெல்லட்டில் சில நூறு தாங்கினாலே பெரிது.

மிதவை:
இரண்டு பேருமே குறை என்றால் கெட்டது என்கிறீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. உருக்கி வளர்த்த வட்டு ஒன்றைக் காந்தத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக் குளிரவைத்தோம். காந்தத்தைத் தூக்கினேன், வட்டும் கூடவே எழும்பி, இடைவெளி விட்டு அந்தரத்தில் தொங்கியது! கை நடுங்கிவிட்டது. உள்ளே விரவிக் கிடந்த பச்சை 211 துகள்கள்தான் (யிட்ரியம், பேரியம், காப்பர் 2:1:1 விகிதத்தில் சேர்ந்த, மீகடத்தாத ஆக்சைடு) காரணம். மீகடத்திக்குள் நுழைந்த காந்தப் புலத்தின் மெல்லிய இழைகள், அதாவது காந்தச் சுழல்கள், அங்கே மாட்டிக்கொண்டு நகர மறுக்கின்றன. குறையே இல்லாத படிகமாக இருந்தால் சுழல்கள் வழுக்கிக்கொண்டு ஓடும், வட்டும் கீழே விழும்.

பழைய லேப்:
எங்கள் பெல்லட் ஒரு மழைக்காலம் மேசை டிராயரில் கிடந்து, மேலெல்லாம் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. அதனால் தம்பிகளுக்குச் சொல்கிறேன், நைட்ரஜனிலிருந்து எடுத்த பெல்லட்டை அப்படியே வெளியே வைக்காதீர்கள். காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து தண்ணீராகிவிடும். பேரியம் தண்ணீரோடு சேரும், பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கார்பனேட் ஆகும். அது பரல் எல்லைகளில் உட்கார்ந்தால் நான்குமுனை சொன்ன தொல்லை இன்னும் மோசமாகும். எடுத்ததும் ஹேர் டிரையரால் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். ஜெல் நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள். தண்ணீர் விட்டுத் தேய்க்கவே கூடாது, உலர்ந்த உப்புத்தாள்தான். தேய்க்கும் தூளில் பேரியம் இருக்கிறது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.