பிட்லாக்கர்ல பின் போட முடியல, அவசரம்

நைட்ஷிஃப்ட்: லேப்டாப்ல பிட்லாக்கர் (டிஸ்க்க என்கிரிப்ட் பண்ணி பூட்டற விண்டோஸ் வசதி) ஆன்ல தான் இருக்கு, ஆனா நேத்து ஒரு வீடியோ பாத்தேன், ராஸ்பெர்ரி பை பைக்கோங்கற குட்டி போர்ட மதர்போர்டுல வெச்சு 43 செகண்டுல கீய உருவிட்டான், பகீர்னு ஆயிடுச்சு. ஆன் பண்ணும்போதே பின் கேக்கற மாதிரி வைக்கலாம்னு பாத்தா எரர் வருது. நாளைக்கு சர்வீஸுக்கு குடுக்கணும், என்ன பண்றது?

சாலிடர்சாமி: என்ன எரர்? விண்டோஸ் ஹோமா ப்ரோவா? என்ன மாடல்? ஒண்ணுமே சொல்லாம கேட்டா சோழி உருட்டியா பாக்க முடியும்

ரெண்டுபைசா: பின்லாம் வேஸ்ட் ப்ரோ. மெஷின் ஓடும்போது கீ ராம்ல தான் இருக்கும், அத எடுக்க 2008லயே பிரின்ஸ்டன்ல ஏர் டஸ்டர் டப்பாவ தலகீழா புடிச்சு ராம்ல அடிச்சு மைனஸ் 50 டிகிரிக்கு கொண்டு போனாங்க, 10 நிமிஷம் கரண்ட் இல்லாம கிடந்தும் 1% பிட் கூட அழியல. ஷட்டவுன் பண்ணி குடுங்க, போதும்

பழம்பெருச்சாளி: தம்பி, பாதி படிச்சுட்டு வந்து வைத்தியம் சொல்லாதீங்க. பின் இல்லன்னா பவர் பட்டன அமுக்குனாலே டிபிஎம் (கீய பாதுகாக்கற சிப்பு) கீய குடுத்துடும், கீ ராமுக்கு வந்துடும், அப்புறம் ஷட்டவுன் பண்ணி என்ன புண்ணியம்? வீடியோல நடந்ததும் அதான், தனி சிப்புலேருந்து ப்ராசசருக்கு எல்பிசி பஸ்ங்கற போர்டு கம்பி வழியா கீ என்கிரிப்ட் ஆகாம போகுது. பூட்டு கெட்டிதான், சாவிய தெருவுல ஏலம் போட்டுகிட்டே எடுத்துட்டுப் போறான். பின் வெச்சிருந்தா அத போடற வரைக்கும் சிப்பு கீய வெளியவே விடாது

சாலிடர்சாமி: டிபிஎம்.எம்எஸ்சி தொறந்து தயாரிப்பாளர் பேர பாருங்க. ஐஎஃப்எக்ஸ், எஸ்டிஎம்னா தனி சிப்பு. ஏஎம்டின்னு இருந்தா ப்ராசசருக்குள்ளயே இருக்கு, ஒட்டு கேக்க கம்பியே கிடையாது

ரெண்டுபைசா: அதையும் 2023ல பெர்லின் டெக்னிக்கல் யுனிவர்சிட்டில வோல்டேஜ ஆட்டி ஒடச்சுட்டாங்களே, மெஷின் 2, 3 மணி நேரம் கைல இருந்தா போதுமாம், சின்ன பின்னா இருந்தா அதையும் அடிச்சுப் பாத்து கண்டுபுடிச்சுடலாம்

சாலிடர்சாமி: உங்க தெரு சர்வீஸ் கடைக்காரர் பெர்லின்ல பிஎச்டி பண்ணவரா?

ரெண்டுபைசா: அதுக்கு சொல்லல, கம்பி இல்லன்னா சேஃப்னு நீங்க சொன்னது தப்பு

பழம்பெருச்சாளி: ரெண்டு பேரும் வெளிய போய் அடிச்சுக்கோங்க. நைட்ஷிஃப்ட், ஹோம்னா பின் ஆப்ஷனே கிடையாது. ப்ரோன்னா குரூப் பாலிசில பிட்லாக்கர், ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ் உள்ள போய் ஸ்டார்ட்டப்ல கூடுதல் ஆதென்டிகேஷன் கேக்கறத எனேபிள் பண்ணுங்க, அப்புறம் பின் போடுங்க. 6 இலக்கத்தோட நிறுத்தாதீங்க

நைட்ஷிஃப்ட்: ப்ரோ தான். வந்துடுச்சு தேங்க்ஸ்ணா

சாலிடர்சாமி: 48 இலக்க ரெக்கவரி கீய வேற எங்கயாச்சும் எடுத்து வெச்சீங்களா? சர்வீஸ்ல போர்ட மாத்திட்டா சிப்பும் அதோட போயிடும், உங்க பின் செல்லாது

சாலிடர்சாமி: ஹலோ, இருக்கீங்களா?