தம்பியின் கழுத்துத் தண்டுவடம்: சி6-இல் எஃப்ஏ ஏன் இவ்வளவு இறங்குகிறது?

காந்த_அறை:
வணக்கம். 3 டெஸ்லா எம்ஆர்ஐ மெஷினில் எட்டு வருஷமாக டெக்னீஷியன். நோயில்லாதவர்களின் கழுத்துத் தண்டுவடத்தை டிஃப்யூஷனில் (நீர் பரவுவதை அளக்கும் படம்) எடுத்து ஒப்பீட்டுக்கு வைக்கப்போகிறோம். முதல் ஆளாக என் தம்பியையே படுக்க வைத்தேன். 26 வயசு, கழுத்துவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. டி2 படம் (வழக்கமான எம்ஆர்ஐ படம்) சுத்தம். ஆனால் எஃப்ஏ (நீர் எவ்வளவுக்கு ஒரே திசையில் பரவுகிறது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண்) சி3-இல், அதாவது மூன்றாம் கழுத்தெலும்பு மட்டத்தில், 0.68, சி6-இல் 0.47. ரெண்டு நாளாகத் தூக்கமில்லை. வாக்சல் (படத்தின் ஒரு கட்டம்) 2 × 2 மி.மீ., ஸ்லைஸ் 5 மி.மீ., பி மதிப்பு (பரவலைப் பதியும் வலிமை) 800, 30 திசை. கேட்டிங் (நாடித் துடிப்போடு ஒத்து எடுப்பது) போடவில்லை. தண்டுவடத்தை முழுசாகச் சுற்றி வட்டம் போட்டுச் சராசரி எடுத்தேன். அவனுக்கு ஏதாவது இருக்குமா?

வெண்பொருள்:
இந்த ஒரு எண்ணை வைத்து அவருக்கு நோய் என்று சொல்லவே முடியாது. மனசு ஆற, டி2 படத்தை உங்கள் ரேடியாலஜி டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்போது வாக்சலைப் பாருங்கள். கழுத்தில் தண்டுவடம் முன்பின்னாக ஏறக்குறைய 8 மி.மீ.தான். அதில் உங்கள் வாக்சல் நாலு விழும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டிலும் சுற்றியிருக்கும் நீர் கலந்துவிடும். அந்த நீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பரவும். அது கலந்தாலே எஃப்ஏ விழும். மிச்சம் நடுவில் இரண்டு. அதிலும் சாம்பல் பொருள் (நரம்பணுக்கள் இருக்கும் உள்பகுதி) உட்கார்ந்திருக்கிறது.

சி5, சி6 எலும்புகளுக்கு உள்ளே இருப்பது கைக்கு நரம்பு அனுப்பும் பகுதி. சாம்பல் பொருள் அங்கே பருத்திருக்கும். அதைச் சுற்றியுள்ள வெண்பொருளில் நரம்பு நார்கள் மேலும் கீழுமாக நேராக ஓடுவதால் எஃப்ஏ ஏறுகிறது, சாம்பலில் அப்படி இல்லை. முழு வட்டத்துக்கும் சராசரி எடுத்தால் நல்ல உடம்பிலும் சி6 சி3-க்குக் கீழேதான் நிற்கும். இதை நான் புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆயிற்று.

தண்டுவடத்தைப் படமெடுக்க 2021-இல் வந்த ஸ்பைன் ஜெனரிக் நெறிமுறையில் 0.9 × 0.9 × 5 மி.மீ., பி 800, 30 திசை. சீமென்ஸ், ஜிஇ, பிலிப்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக அளவுகள் இருக்கின்றன. ஸ்பைனல் கார்டு டூல்பாக்ஸ் என்ற மென்பொருள் இலவசம். அதிலுள்ள பாம்50 வார்ப்பை (பொதுவான தண்டுவட மாதிரிப் படம்) வைத்து வெண்பொருளை மட்டும் பிரித்து எடுங்கள். கையால் வட்டம் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பழைய_காயில்:
தம்பி, கேட்டிங் இல்லாமல் தண்டுவட டிஃப்யூஷன் எடுக்காதே. ஒவ்வொரு துடிப்புக்கும் நீர் மேலும் கீழும் போய்வரும், தண்டுவடமும் கூடவே அசையும். அந்த அசைவில் சிக்னல் விழுந்தால் மெஷின் அதையும் பரவல் என்றே எழுதிவிடும். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டி, அலை அடங்கும் நேரத்துக்கு டிலே கொடு. ஸ்கேன் அறைக் குளிரில் விரல் சில்லிட்டால் நாடி பிடிக்காது, ட்ரிகர் விட்டுப்போகும். கையைக் கம்பளிக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டு.

தலைக்கு அடியில் மெல்லிசாக ஒரு பேட் வைத்து, முகவாயைக் கொஞ்சம் இறக்கு. கழுத்து நேரானால் ஸ்லைஸ் தண்டுவடத்துக்குக் குறுக்கே சரியாக உட்காரும். ஷிம் பெட்டியில் (காந்தப் புலத்தைச் சீராக்கக் குறிக்கும் பகுதி) தொண்டைக் காற்று வரவே கூடாது. எச்சில் விழுங்கினால் கழுத்து ஆடும் என்று முன்கூட்டியே சொல்லி வை.

காந்த_அறை:
அண்ணா, மேடம், இருவருக்கும் நன்றி. டாக்டர் டி2 பார்த்துவிட்டார், நார்மல். நேற்று சாயங்காலம் தம்பியைத் திரும்பப் படுக்க வைத்தேன். 0.9 மி.மீ., கேட்டிங், கையில் கம்பளி. ட்ரிகர் காத்திருந்ததில் நேரம் கொஞ்சம் கூடியது. வெண்பொருளில் மட்டும் சி3 0.73, சி6 0.66. எஃப்ஏ படத்தில் நடுவில் பட்டாம்பூச்சி போல சாம்பல் பொருள் தெரிகிறது. எட்டு வருஷத்தில் அதை நானே எடுத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

சி7-க்குக் கீழே இன்னும் படம் இழுத்துக்கொண்டு போகிறது. மூச்சு விடும்போது நுரையீரல் காற்றால் காந்தப் புலம் மாறுவதுதான் காரணமா? அடுத்த ஆள் திங்கட்கிழமை வருகிறார்.