கட்லஸ் பேரிங்: ‘சால்வரித் தாங்கி’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பாய்ப்படகுகளின் பழுதுநீக்கக் கையேட்டுக்காக, சுழலும் தண்டைத் தாங்கும் ‘கட்லஸ் பேரிங்’ என்ற உறுப்புக்கு (பேரிங் என்பது தாங்கி) நான் கேட்டிருந்த தமிழ்ச்சொல்லுக்கு ‘வெட்டாத் தாங்கி’, ‘ரப்பர்த் தாங்கி’, ‘நீர்த்தாங்கி’ என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் கைப்படியில் எழுதி, பட்டறையில் வேலை செய்யும் நம் பையன்கள் இருவரிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதைக் காரணத்தோடு சொல்லி, நான்காவதாக ஒரு சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

பொருள் இன்னதென்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சிறு பாய்ப்படகில் எஞ்சினிலிருந்து புறப்படும் தண்டு, அமரத்துக்கு (படகின் பின்புறத்துக்கு) அருகே படகின் அடிப்புறத்தைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் வெளியே வருகிறது. சுழல்விசிறிக்கு (புரொப்பெல்லர்) சற்று முன்னால் ஓர் உலோக முட்டுக்கால் அதைத் தாங்கி நிற்கிறது. அந்த முட்டுக்காலின் வளையத்துக்குள் பித்தளைக் குழல் ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். குழலின் உட்புறம் முழுவதும் ரப்பர்; அந்த ரப்பரில் தண்டுக்கு இணையாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளப் பள்ளங்கள். இதில் பந்தும் இல்லை, எண்ணெயும் இல்லை. தண்டு சுழலும்போது பள்ளங்களின் வழியே புகும் கடல்நீர் ரப்பருக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பரவி, உராய்வைக் குறைக்கிறது, சூட்டைத் தணிக்கிறது, உள்ளே வந்த மணலையும் சேற்றையும் அந்தப் பள்ளங்களின் வழியாகவே வெளியே தள்ளிவிடுகிறது.

‘வெட்டாத் தாங்கி’ என்பது கட்லஸ் (Cutless, அதாவது ‘வெட்டாதது’) என்ற வணிகப் பெயரை அப்படியே பெயர்த்தது. பெயர்த்தவர் கவனமாகவே செய்திருக்கிறார். அந்தப் பெயரை வெட்டுவாள் (cutlass) என்று தவறாகப் புரிந்துகொள்வோர் ஆங்கிலம் பேசுவோரிடையேகூட உண்டு. ஆனால், ஒரு பொருள் எதைச் செய்யாது என்று சொல்லும் பெயரை வைத்துக்கொண்டு, அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பெயரைத் தமிழாக்கிப் பொதுச்சொல்லாக நிறுத்துவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மும்பை நாக்தேவி தெருவின் கருவிக் கடைகளில் ‘கட்லஸ் பேரிங்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள் என்பதால், அந்த ஒலிபெயர்ப்பை அகரவரிசையில் கட்டாயம் சேர்ப்பேன். அது கடையில் கேட்பதற்கான சொல். பொருளை விளக்குவதற்கு வேறொன்று வேண்டும்.

‘நீர்த்தாங்கி’யைப் பற்றி ஒரு வரி போதும். இலங்கைத் தமிழர்களுக்கு நீர்த்தாங்கி என்றால் வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி.

‘ரப்பர்த் தாங்கி’தான் மூன்றிலும் எளிமையானது. மும்பைப் பட்டறைகளிலும் ‘ரப்பர் புஷ்’ என்றே சொல்கிறார்கள். ஆனாலும் இந்தப் பெயரால் என்ன விளையும் என்பதை நேரில் கண்டவன் என்பதால் இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்துக்காகக் கரையேற்றி வைத்திருந்த ஒரு படகில், எஞ்சினைச் சோதிக்கிறோம் என்று கியரைப் போட்டுத் தண்டைச் சுழலவிட்டார்கள். எஞ்சினின் குளிர்நீருக்கு வாளியும் குழாயும் வைத்திருந்தார்கள். தண்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. கதவுக்கீல் கிறீச்சிடுவது போன்ற ஓசை வந்தது, பின்னாலேயே கருகிய வாடை வந்தது. ‘ரப்பர் புஷ்தானே, கிரீஸ் தடவினால் சரியாகிவிடும்’ என்று ஒருவர் கிரீஸ் டப்பாவை எடுத்துவந்தார். அந்தத் தாங்கிக்குத் தண்ணீரே மசகு. கிரீஸ் தடவினால் மணல் அதில் ஒட்டிக்கொண்டு அரத்தைப் போலத் தண்டை அராவும். பெயரில் ரப்பர் மட்டும் இருந்ததால் அவருக்கு ரப்பர் மட்டுமே தெரிந்தது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. நம் பெயர்தான் அவருக்குப் பாதியைச் சொல்லாமல் விட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீரால் உயவு (மசகு) பெறும் தாங்கி ரப்பரோடு பிறந்ததல்ல. 1854இல் இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் பென் காப்புரிமை பெற்ற முறையில், லிக்னம் விட்டே என்னும் மிகக் கடினமான, இயல்பிலேயே பிசின் பசை கொண்ட மரத்தின் பட்டைகளை உலோகக் குழலுக்குள் வரிசையாகப் பதித்து, பட்டைகளுக்கு நடுவே நீர் ஓட இடைவெளி விட்டிருந்தார்கள். அதற்கு முன் நீராவிக் கப்பல்களில் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, தாங்கிகள் விரைவில் தேய்ந்து தொல்லை கொடுத்துவந்தன. மரம் போய் ரப்பர் வந்தது. இப்போது ரப்பருக்குப் பதிலாகச் செயற்கை நெகிழிகளிலும் செய்கிறார்கள். பொருள் இரண்டு முறை மாறியிருக்கிறது, நீர் ஓடும் பள்ளம் மட்டும் மாறவே இல்லை. ஆகவே பெயரும் பள்ளத்திலிருந்துதான் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தப் பள்ளத்துக்கான சொல்லை நான் அகராதியில் தேடி எடுக்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் படகின் தாங்கியைக் கழற்றியபோது கிடைத்தது. சுழல்விசிறியைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் ‘டக், டக்’ என்று தட்டியது. 25 மில்லிமீட்டர் தண்டில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது, எங்களுடையது அதைத் தாண்டியிருந்தது. தண்டை உருவிய பின், ஹாக்சா பிளேடைக் குழலுக்குள் நுழைத்து, முட்டுக்காலின் உலோகத்தில் கீறல் விழாதபடி பித்தளையை மட்டும் நீளவாக்கில் இரண்டு இடங்களில் அறுத்து, உளியால் மடக்கி வெளியே எடுத்தோம். மும்பைத் துறைமுகத்தின் கலங்கல் நீர் அதை என்ன செய்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் ரப்பர் மேடுகள் வழித்துவிட்டதைப் போலத் தேய்ந்து, பள்ளமும் மேடும் ஒன்றாகியிருந்தன. மறுபக்கத்துப் பள்ளங்களில் கருஞ்சேறு காய்ந்து கட்டியாக இறுகியிருந்தது. கடைசல் வேலைக்கு உதவ வந்திருந்த திருநெல்வேலிக்காரர், தாராவிக்கு வருவதற்கு முன் ஊரில் ஏர் பிடித்தவர், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகத்தால் சேற்றைக் கீறியபடி, “சால் எல்லாம் தூர்ந்துபோச்சே சார், தண்ணி எப்படி ஓடும்?” என்றார்.

சால் என்பது உழவுச்சால். ஒரே நேர்கோட்டில் ஓடும் பள்ளம், பக்கத்தில் மேடு, அடுத்து இன்னொரு பள்ளம். அந்தப் பித்தளைக் குழலுக்குள் இருப்பதும் அதுவேதான். பந்துகள் உள்ளதைப் பந்துத் தாங்கி என்றும், உருளைகள் உள்ளதை உருளைத் தாங்கி என்றும் ஏற்கெனவே சொல்கிறோம். அதே வாய்பாட்டில் சால்கள் வரிவரியாக உள்ளதைச் ‘சால்வரித் தாங்கி’ என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. முதலில் ‘சாலுறை’ என்று எழுதிப் பார்த்தேன். காலுறை காலுக்கான உறை என்றால், சாலுறை சாலுக்கான உறை என்றாகிவிடுகிறது. நமக்கு வேண்டியதோ சால் உடைய தாங்கி. அதனால் விட்டுவிட்டேன். தாங்கிக்குப் போதிகை என்று எழுதும் ஈழத்து நண்பர்கள் ‘சால்வரிப் போதிகை’ என்று கொள்ளலாம். தூண்மேல் உத்தரத்தைத் தாங்கும் உறுப்பின் பெயரை அவர்கள் எஞ்சினுக்குக் கொண்டுவந்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஆயினும் இங்குள்ள பாடநூல்களில் தாங்கி நிலைத்துவிட்டதால் அதையே பின்பற்றுகிறேன்.

கூடவே ஒரு சிறு சொல். நீண்ட பயணத்துக்குக் கூடுதலாக ஒரு தாங்கியை எடுத்துச்செல்ல வேண்டும் என்று கையேட்டில் வருகிறது. ‘உதிரி’ என்றால் கழன்ற பாகம், விற்பனைப் பாகம் என்றெல்லாம் பொருள் விரிகிறது. உப்பு வணிகர்கள் வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் ‘சேம அச்சு’ என்கிறார். வேலை இதே வேலைதான். ‘சேமத் தாங்கி’ என்றே எழுதிவிட்டேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து,
கையேட்டுக்காரன்

மறுமொழி:

ஐயா, வணக்கம். தில்லியிலிருந்து எழுதுகிறேன். படகு எனக்குத் தூரம். நீரேற்றும் பம்புகள் என் துறை. இரண்டு மறுப்புகள் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் சால் என்றால் தண்ணீர் ஊற்றிவைக்கும் பெரிய மண்பாத்திரம். ‘சால் தாங்கி’ என்று யாராவது சுருக்கிச் சொன்னால் பாத்திரத்தை வைக்கும் மணை என்றுதான் என் அம்மா புரிந்துகொள்வார். இரண்டாவது, பாடநூல்களில் உயவு என்ற நல்ல சொல் இருக்கும்போது ‘நீருயவுத் தாங்கி’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாமே? தண்ணீர் தேவை என்பது பெயரிலேயே வந்துவிடும். தாங்கள் சொன்ன கிரீஸ் டப்பா சிக்கலும் எழாது.

மறுமொழிக்கு மறுமொழி:

அம்மா, இரண்டும் நியாயமான மறுப்புகள். பாத்திரச் சிக்கலை நானும் எண்ணினேன். ‘வரி’யை நடுவில் வைத்ததே அதற்காகத்தான். சுருக்கிச் சொல்லாமல் முழுமையாகச் சொன்னால் குழப்பம் வராது.

‘நீருயவுத் தாங்கி’ சரியான சொல், அதை நான் தள்ளவில்லை. ஆனால் அது இனத்தின் பெயர். சால் இல்லாமல் வழவழப்பான உட்புறத்தோடு, நீரால் மட்டும் உயவுபெறும் தாங்கிகள் பம்புகளில் உண்டு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படகுக்காரர் கழற்றிப் பார்க்கும்போது கண்ணில் பட வேண்டியதும், அடைத்திருந்தால் குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டியதும் சால்தான். எனவே இனத்துக்கு உங்கள் சொல்லையும், இந்தப் பொருளுக்கு என் சொல்லையும் வைத்து, கையேட்டின் பதிவை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

“சால்வரித் தாங்கி: சுழல்விசிறித் தண்டைத் தாங்கும் நீருயவுத் தாங்கி. உலோகக் குழலின் உட்புறம் ரப்பரும், அதில் நீர் ஓடுவதற்கான நீளச் சால்களும் உடையது. கடைவழக்கு: கட்லஸ் பேரிங், ரப்பர் புஷ். புதியதை முட்டுக்காலில் ஏற்றும் முன் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்தால் குழல் சற்றுச் சுருங்கி எளிதில் நுழையும். தண்டை உள்ளே செலுத்தும்போது சோப்புநீர் மட்டும் தடவவும். எண்ணெயும் கிரீஸும் கூடாது. படகு கரையில் இருக்கும்போது, சால்களில் நீர் பாய்ச்சாமல் தண்டைச் சுழற்றக் கூடாது.”

‘சுழற்றக் கூடாது’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்று அந்தத் திருநெல்வேலிக்காரர் கேட்டுக்கொண்டார். அப்படியே செய்கிறேன்.