மாற்றுத்திறனாளிகளின் மருத்துவமனை அனுபவங்களைத் திரட்ட உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவ வசதி எந்த அளவுக்குக் கிடைக்கிறது என்பதை ஆய்வு செய்து வருகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகலுக்கும், சிகிச்சையில் முன்னுரிமைக்கும் வழிசெய்யுமாறு தன் 25ஆவது பிரிவில் அரசைப் பணிக்கிறது. ஆனால், சாய்தளம் ஏறி உள்ளே வந்த பிறகும், சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணை உயரமான பரிசோதனைக் கட்டிலில் ஏற்ற இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. எடைக் கருவியில் நிற்க இயலாதவருக்கு எடை பார்க்காமலேயே மருந்து எழுதப்படுகிறது. இவற்றைச் சிறு குறைகளாக என்னால் கருத முடியவில்லை.

தாளவாடி, பர்கூர் மலைப்பகுதிகளிலிருந்து சிகிச்சைக்காகக் கீழே இறங்கி வருவோர், காது கேளாதோர் ஆகியோரின் அனுபவங்கள் எனக்குக் குறைவாகவே கிடைத்துள்ளன. அவர்களையோ, உடனிருந்து பராமரிக்கும் குடும்பத்தினரையோ அறிந்தவர்கள், அவர்களின் சம்மதத்தைக் கேட்டறிந்த பின் எனக்குத் தனிச்செய்தி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். யாருடைய பெயரையும் வெளியிட மாட்டேன்.