வெள்ள வாரத்தில் எங்கள் கோயில் பையன்கள்

சபை வாலிபர்கள் ஊருக்கு உதவினது, ஆராதனை நடத்தினது பற்றி அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தது, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் சின்ன கிராமம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் கேரல் பவனிக்கு வாலிபர் ஐக்கியப் பையன்கள் நட்சத்திரம் எல்லாம் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். அன்றைக்கு ராத்திரி எங்களுக்குத் தெரிந்தது கரண்டு போச்சு, டவர் போச்சு, விடியும்போது கீழத்தெருவில் இடுப்பளவு தண்ணீர், அவ்வளவுதான். ஐயர், அதாவது எங்கள் போதகர், இருப்பது சேகரத் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது) தலைமை ஊரில், ரோடு அறுந்துவிட்டது, அவர் வர வழியே இல்லை.

கோயிலும் பக்கத்துப் பள்ளிக்கூடமும் மேட்டில் இருப்பதால் பையன்கள் பூட்டைத் திறந்து ஆட்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கயிறு கட்டி, லாரி டியூபில் கிழவிகளை உட்கார வைத்து இழுத்து வந்தார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் எங்கள் சபையார் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

சோறுதான் பெரிய பாடு. வெளியூர்க்காரர்களுக்கு அசனம் என்றால் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்துச் சபைகளில் வருடத்துக்கு ஒருமுறை கோயில் பண்டிகையில் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவது. அதற்கென்றே வட்டா என்கிற பெரிய பெரிய சமையல் பாத்திரங்கள் கோயில் கொட்டகையில் கிடக்கும். அதை இறக்கி அடுப்பு மூட்டினோம். விறகு நனைந்து போயிருந்தது, உடைந்து கிடந்த பழைய பெஞ்சுகளைப் பிளந்து எரித்தோம். அரிசிக்குக் கைகொடுத்தது கைப்பிடி அரிசிதான். வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்களே, அது ஒன்றரை மூட்டை இருந்தது. முதல் இரண்டு நாள் வெறும் ரசம் சோறு. மூன்றாம் நாள் பள்ளிவாசல்காரர்கள் பால் பவுடரும் ரொட்டியும் கொண்டுவந்து சேர்த்தார்கள், கைப்பிள்ளைக்காரிகளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பையன்கள் ஆராதனைக்குப் பாதியில் வருவார்கள், பிரசங்க நேரத்தில் மதில் மேல் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள் என்று கமிட்டியில் எழுந்து பேசினவன் நான். வருடத்துக்கு ஒரு வாலிபர் ஞாயிறு போதும், அதிலும் கிட்டார் வேண்டாம் என்றேன்.

24ஆம் தேதி ஞாயிறு வந்தது. அப்போதும் கரண்டு இல்லை. ஐயர் இல்லாமல் அப்பமும் திராட்சரசமும் தருகிற திருவிருந்து கிடையாது, ஆனால் காலை ஆராதனையைச் சபையாரே நடத்தலாம். ஐயருக்கு உதவியாக ஊர்ச் சபையைக் கவனிக்கிற உபதேசியாருக்குக் காய்ச்சல். சரி, பையன்களே நடத்தட்டும் என்று ஆயிற்று. கீபோர்டு இல்லை, மைக் இல்லை, ஒரு டோலக்கு மட்டும். கீர்த்தனையைப் பெரியவர்கள் மனப்பாடமாகப் பாட, பையன்கள் பின்னாலேயே பிடித்துக்கொண்டு பாடினார்கள். வேதாகமத்திலிருந்து முதலாம் பாடம் வாசிக்க ஒரு பையன் எழுந்து போனான். ஐடிஐ படிக்கிறவன், அந்த ஆறு நாளும் தண்ணீரிலேயே நின்றவன். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், ஊதா மருந்து போட்டிருந்தான். கோயிலுக்குள் செருப்பு கிடையாதே, வெறுங்காலோடு குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தான். போன இடமெல்லாம் ஊதாத் தடம். ஏசாயா 9ஆம் அதிகாரம். இரண்டு இடத்தில் தடுமாறினான், திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். பின்வரிசையில் கீழத்தெரு ஆட்கள் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

*

அண்ணாச்சி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. நான் தூத்துக்குடி, கடற்கரையை ஒட்டின கத்தோலிக்கப் பங்கு. எங்கள் ஏரியாவில் பாடற்குழுப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். ஃபைபர் வள்ளத்தை லாரியில் ஏற்றி உள்ளூர்த் தெருவுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். கடலில் ஓட்டுவது வேறு, தெருவில் ஓட்டுவது வேறு, அடியில் பைக் கிடக்கும், கேட் கம்பி கிடக்கும், இன்ஜின் போட முடியாது, கழி ஊன்றித்தான் போகவேண்டும். என் மாமா மகனும் போனான். ஒரு வீட்டு மாடியில் பிரசவத்துக்கு நாள் நெருங்கின பெண், ஏணியில் இறங்கப் பயந்து அழுதிருக்கிறது. இவன் கீழே வள்ளத்தில் நின்றுகொண்டு, பூசையில் பாடுகிற மாதா பாட்டைப் பாடினானாம். அந்தப் பெண் இந்து. ஒவ்வொரு படியாக இறங்கி வந்துவிட்டது. பெண் குழந்தை பிறந்ததும் அவர்களே போன் பண்ணிச் சொன்னார்கள்.

கிறிஸ்துமஸ் ராப்பூசைக்கு அவனுக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிப்போனது. பாடாமல் குழுவோடு சும்மா நின்றான்.

*

வணக்கம். எனக்கு வயது 68, நாகர்கோவில் பக்கம். வாலிபர் உதவி செய்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதற்குக் கைமாறாக ஆராதனையை அவர்கள் கையில் கொடுப்பது சரியா? எங்கள் சபையில் அப்படிக் கொடுத்து, இப்போது கோரஸ் என்கிற புதுப் பாட்டுகள் மட்டும்தான், பழைய பாட்டுகள் இருக்கிற பாமாலை புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. என் வயதுக்காரர்களுக்கு வாயசைக்கக்கூடப் பாட்டு இல்லை. வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

*

பெரியவருக்கு: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது ஐயா, அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நாங்கள் கைமாறாகக் கொடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை தெரியாமல் திணறினது அந்தப் பையன்களுக்கே உறுத்திவிட்டது. அவர்களாகவே வந்து கேட்டார்கள். இப்போது சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு எங்கள் பழைய பாடகர் குழு அம்மா ஒருவர் வீட்டுத் திண்ணையில் ராகம் சொல்லிக்கொடுக்கிறார், எட்டுப் பத்துப் பேர் தவறாமல் வருகிறார்கள். கிட்டாரும் வரும், அதை வைத்துத்தான் சுருதி பிடிக்கிறார்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு அவர்கள் முறை. பாடம் வாசிக்கிற பட்டியலை நான்தான் எழுதுகிறேன். அந்த ஐடிஐ பையன் இப்போது வேலைக்காக ஓசூரில் இருக்கிறான், பொங்கல் லீவுக்கு வந்தால் முதலாம் பாடம் அவனுக்குத்தான் என்று பெயர் போட்டு வைத்திருக்கிறேன்.

வட்டாக்களில் ஒன்று அந்த வாரம் பெஞ்சுப் பலகை நெருப்பில் அடி கருகிப் போனது. ஈயம் பூசக் கொடுத்திருக்கிறோம், அடுத்த அசனத்துக்குள் வந்துவிடும்.